ஸ்டாண்டைச் சொல்கிறோம், பெற்றோல் மணத்தைச் சொல்வதில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர்களும் வாசிக்கலாம்.

நமது ஊர்களில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. சைட் ஸ்டாண்டை மடக்காமல் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போனால், கடைவாசலில் நிற்பவர் முதல் எதிரே வரும் ஆட்டோக்காரர் வரை எல்லோரும் "ஸ்டாண்ட், ஸ்டாண்ட்" என்று கத்துவார்கள். பட்டப்பகலில் லைட் எரிந்தால் விரலை மடக்கி விரித்துக் காட்டுவார்கள். பின்னால் இருக்கும் பெண்ணின் ஹபாயா சில்லில் சிக்கப் போகிறது என்றால் துரத்திப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவார்கள். முன்பின் தெரியாதவருக்கும் சொல்வார்கள். இதில் யாரும் கோபப்படுவதுமில்லை.

ஆனால் பெற்றோல் மணக்க மணக்க ஒரு கார் பாடசாலை வாசலில் வந்து நின்றால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மூக்கைச் சுளித்துவிட்டுத் தள்ளிப் போகிறோம். "பழைய கார் அப்படித்தான்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். அந்த மனிதரின் முகத்துக்கு நேரே சொன்னால் அவருடைய வசதியைக் குறைத்துப் பேசியது போலாகிவிடும் என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை விட்டுவிட வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம். அதோடு, அந்த மணத்துக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் ஒரு சின்னச் சாமானைப் பற்றியும்: பெற்றோல் பில்டர்.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் பழைய கார்கள் இவ்வளவு ஓடுவது யாருடைய பிடிவாதமும் அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் அரச சம்பளக்காரருக்கு அது எட்டாத விலை. எங்கள் ஆசிரியர் தரிப்பிடத்தையே பாருங்கள். 17இலும் 19இலும் தொடங்கும் இலக்கத் தகடுகள், ஒன்றிரண்டு ஸ்ரீ இலக்கங்கள் கூட. நிசான் சன்னி, டொயோட்டா கொரோலா, மிட்சுபிஷி லான்சர், மாருதி 800. கலாசாலையில் எங்களோடு படித்து இன்று தூரத்துப் பாடசாலைகளில் இருப்பவர்களும் இதே வகைக் கார்களில்தான் போய் வருகிறார்கள். இவற்றை ஓட்டுவதில் வெட்கமில்லை. நன்றாகப் பராமரித்த 30 வருடக் கார், பராமரிக்காத 10 வருடக் காரை விட நம்பிக்கையானது.

ஆகவே "பழைய கார் அப்படித்தான் மணக்கும்" என்பதை நாங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. சரியாக இருக்கும் பழைய கார் மணக்காது. கார்பரேற்றர் உள்ள காரைச் சூட்டோடு நிறுத்தினால் சற்று மணம் வருவது உண்மை, அது கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஆனால் இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த காரைக் காலையில் திறக்கப் போகும்போதே மணந்தால், எங்கோ பெற்றோல் வெளியே வருகிறது என்று அர்த்தம். அதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

பில்டர் ஏன் கசிகிறது? டேங்கில் இருந்து எஞ்சினுக்குப் போகும் பெற்றோலில் உள்ள தூசு, துரு, மண் எல்லாவற்றையும் பிடித்து வைப்பது அதன் வேலை. பழைய கார்பரேற்றர் கார்களில் அது உள்ளே தெரியும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. இஞ்செக்ஷன் உள்ள கார்களில் இரும்பு டப்பா. கரையோர ஊர்களில் இரும்புக்கு என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. வீட்டு யன்னல் கம்பியைத் தின்னும் உப்புக் காற்று பொனட்டுக்குள்ளும் போகிறது. டப்பாவை மடித்து ஒட்டிய விளிம்பில்தான் துரு முதலில் பிடிக்கும். உள்ளேயிருந்தும் துரு வரும். பெற்றோலோடு வரும் தண்ணீர் பில்டரின் அடியில் தங்குகிறது. 2022இல் கியூ ஆர் வருவதற்கு முன் நாம் எந்தக் கலனில், எந்த வீப்பாவில் சேமித்த பெற்றோலை எல்லாம் டேங்கில் ஊற்றினோம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து பில்டரோடு இன்னும் ஓடும் கார்கள் ஊரில் நிறைய உண்டு.

பிளாஸ்டிக் பில்டர் துருப்பிடிக்காது. ஆனால் எஞ்சின் சூட்டில் வருடக்கணக்காக இருந்து நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். கிளிப்பை அளவுக்கு மீறி இறுக்கினால் அதன் மூக்கில் மயிரிழைபோல் வெடிப்பு விழும். பில்டரில் குறையே இல்லாமல் அதில் மாட்டியிருக்கும் ரப்பர் ஹோஸ் வெடித்திருப்பதும் உண்டு. ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். கருவாடு மாதிரி விறைத்து நின்றால் அதன் காலம் முடிந்துவிட்டது.

இன்னொரு விடயம், பலருக்கும் தெரியாதது. கசிவு எப்போதும் சொட்டாகத் தெரியாது. கார்பரேற்றர் கார்களில் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து இருக்கும், பில்டர் பெரும்பாலும் டேங்குக்கும் பம்புக்கும் இடையில் இருக்கும். அதாவது பம்ப் உறிஞ்சும் பக்கத்தில். அங்கே வெடிப்பு இருந்தால் ஓடும்போது பெற்றோல் வெளியே வருவதை விடக் காற்று உள்ளே போகும். கார் ஏற்றத்தில் இழுக்காது, வெட்டி வெட்டி ஓடும், காலையில் பல தடவை ஸ்டார்ட் அடிக்க வேண்டும். நம்மவர்கள் பிளக் மாற்றுவார்கள், கொயில் மாற்றுவார்கள், கார்பரேற்றரைக் கழற்றிக் கழுவுவார்கள். காசு போகும். குறை அந்தச் சின்ன டப்பாவில் இருந்தபடியே இருக்கும்.

இஞ்செக்ஷன் கார்களில் கதை நேர் எதிர். அங்கே பம்ப் டேங்குக்குள் இருந்து தள்ளுகிறது. பொதுவாக இரண்டரை, மூன்று பார் அமுக்கம். நமது கார் டயரில் இருக்கும் காற்று அமுக்கத்தை விடச் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அமுக்கத்தில் ஊசித் துவாரம் விழுந்தாலும் பெற்றோல் சொட்டாது, புகார் போலப் பீச்சும். பீச்சுகிற இடத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? அல்ரனேற்றர், டிஸ்ரிபியூட்டர், கொதிக்கும் புகைக்குழாய்.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள் என்ற முறையில் இதை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். எரிவது பெற்றோல் திரவம் அல்ல, அதன் ஆவி. மண்ணெண்ணெய் சாதாரண சூட்டில் தீக்குச்சிக்கு இலேசில் பிடிக்காது. பெற்றோல் அப்படியல்ல. ஐஸ் கட்டும் குளிரிலும் பற்றக்கூடிய அளவு ஆவியை அது விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றை விடப் பாரமானது. மேலே எழும்பிக் கலைந்து போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். போர்ட்டிகோவில் நிற்கும் காரிலிருந்து ஊர்ந்து வரும் ஆவிக்கு, வீட்டுக்குள் எரியும் நுளம்புச் சுருளும் போதும், குசினி அடுப்பும் போதும்.

நெருப்புப் பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றுவதில் பயனில்லை. பெற்றோல் தண்ணீரில் மிதந்து நெருப்பையும் கூட்டிக்கொண்டு ஓடும். உலர் தூள் தீயணைப்பான் ஒன்று காரில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மணல். முதல் வேலை சாவியைத் திருப்பி நிறுத்துவது, இரண்டாவது வேலை எல்லோரும் இறங்கித் தூரப் போவது. பொனட்டுக்குள் புகை வந்தால் அதை முழுதாகத் திறக்க வேண்டாம். திறந்தவுடன் காற்று கிடைத்து நெருப்பு முகத்துக்கு வரும்.

இனி, நமது ஊர் வைத்தியங்கள். சவர்க்காரம். டேங்கில் சின்ன ஓட்டை விழுந்தால் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைப்பது பழைய முறை. சவர்க்காரம் பெற்றோலில் கரையாது என்பதால் அது சற்று நேரம் நிற்கும். நடுவழியில் நின்றவர் கராஜ் வரை போக அது போதும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இஞ்செக்ஷன் பில்டரின் அமுக்கத்துக்கு முன்னால் சவர்க்காரமும் நிற்காது, எம்-சீலும் நிற்காது. சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டுகிறார்கள். அந்த ரப்பர் பெற்றோலில் ஊறி வீங்கி இளகிவிடும். இன்னும் சிலர் கண்ணாடி போன்ற தண்ணிக் குழாயை வெட்டி ஹோஸுக்குப் பதிலாகப் போடுகிறார்கள். பெற்றோல் பட்டால் அது சில மாதங்களில் மஞ்சளாகி, கல்லாகி, வெடிக்கும். இவை எதையும் "திருத்தம்" என்று சொல்லக்கூடாது. கசிவை ஒளித்து வைப்பதுதான் இது.

"புகைப் பரிசோதனை பாஸாகித்தானே வருமான அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கிறேன்" என்று ஒரு பெற்றார் எங்களிடம் சொன்னார். அந்தச் சான்றிதழ் புகைக்குழாயில் என்ன வருகிறது என்று அன்றைய தினம் அளந்த அளவு. அடுத்த மாதம் வெடிக்கும் ஹோஸை அது எப்படி அறியும்? இன்னொன்றையும் யோசியுங்கள். பழைய கார்கள் பலவற்றுக்கு நாம் போட்டிருப்பது தேர்ட் பார்ட்டி காப்புறுதி மட்டும். நமது காரே எரிந்தால் அதில் நமக்கு ஒரு சதமும் கிடைக்காது. பத்து வருடக் கடனில் வாங்கிய ஒரே வாகனம் அது.

ஆகவே மாற்றுங்கள். பில்டர் ஒரு காரிலேயே ஆகக் குறைந்த விலைச் சாமான்களில் ஒன்று. மாற்றும்போது அதோடு ஹோஸ், கிளிப், வாஷர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். இங்கேதான் நம்மவர்களின் சிக்கனம் தவறான இடத்தில் வேலை செய்கிறது. புது பில்டரைப் பழைய ஹோஸில் மாட்டி, பழைய கிளிப்பை இறுக்கி, ஒரு வாரத்தில் மறுபடியும் மணக்கும்போது "சாமான் போலி" என்று கடைக்காரரோடு சண்டை.

ஹோஸ் வாங்கும்போது "பெற்றோல் ஹோஸ் ஒரு அடி தாங்க" என்று கேட்டால் போதாது. அதன் மேல் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். கார்பரேற்றர் காருக்கு எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்7 என்ற வகை போதும். இஞ்செக்ஷன் காருக்கு ஆர்9 வேண்டும். ஆர்7ஐ இஞ்செக்ஷன் காருக்குப் போடக்கூடாது. ஒன்றுமே அச்சடிக்காத கறுப்பு ஹோஸை எந்தக் காருக்கும் வாங்க வேண்டாம். விட்டமும் சரியாக இருக்க வேண்டும். பெரிய ஹோஸைக் கிளிப்பால் நெரித்துச் சரிப்படுத்துவது வேலை அல்ல. ஊரில் கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போகும் யாரிடமாவது சொல்லிப் பஞ்சிகாவத்தையில் எடுப்பித்துக்கொள்ளலாம். பழைய பில்டரையோ அதன் படத்தையோ கொடுத்து விடுங்கள். காரின் பெயரை மட்டும் சொன்னால், ஒரே பெயரில் கார்பரேற்றரும் இஞ்செக்ஷனும் இருப்பதால் மாறி வரும்.

நாமே செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: கார்பரேற்றர் காரில் கைப்பழக்கம் உள்ளவர் செய்யலாம். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். வெட்டவெளியில் செய்ய வேண்டும், போர்ட்டிகோவுக்குள் அல்ல. பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். டேங்க் மூடியைத் திறந்து அமுக்கத்தை விட்டுவிடுங்கள். ஹோஸைக் கழற்றியதும் டேங்கிலிருந்து பெற்றோல் தானாகவே வழிந்து வரக்கூடும் என்பதால், அடைக்க ஒரு பென்சில் தடிப்பில் ஏதாவது கையில் வைத்திருங்கள். பில்டரில் உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். இருட்டாக இருந்தால் போனிலோ டோர்ச்சிலோ வெளிச்சம் பிடியுங்கள். கம்பியில் தொங்கும் குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், அது விழுந்து உடைந்தால் போதும். கண்ணாடி போடுங்கள். பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள்.

இஞ்செக்ஷன் காராக இருந்தால் முதலில் குழாயில் நிற்கும் அமுக்கத்தை எடுக்க வேண்டும். பம்பின் பியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், மிச்சப் பெற்றோலைக் குடித்துவிட்டு அது தானாக நிற்கும். இன்னும் இரண்டு தடவை ஸ்டார்ட் அடித்துவிட்டு, அதற்குப் பிறகு பற்றரியைக் கழற்ற வேண்டும். இதைச் செய்யாமல் நட்டைத் தளர்த்தினால் கண்ணிலும் மூஞ்சியிலும் அடிக்கும். சில பழைய கொரோலாக்களில் பில்டரின் மேலே ஒரு துவாரம் போட்ட போல்ட் இருக்கும், அதன் இரு பக்கமும் இரண்டு வாஷர்கள். இரண்டும் புதிதாக இருக்க வேண்டும். அந்த வாஷர் ஒரு தடவை நசுங்கித்தான் அடைப்பைக் கொடுக்கிறது, இரண்டாம் தடவை நசுங்காது. கீழே வரும் இரும்புக் குழாயின் நட்டு துருவில் பிடித்திருந்தால் முரட்டுத்தனமாகத் திருப்ப வேண்டாம். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு, அடுத்த நாள் இரண்டு ஸ்பெனர் வைத்து, ஒன்றால் பில்டரைப் பிடித்து மற்றதால் நட்டைத் திருப்ப வேண்டும். ஒற்றை ஸ்பெனரில் திருப்பினால் குழாய் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் டேங்க் வரைக்கும் வேலை. இது எல்லோரும் வீட்டில் செய்யும் வேலை அல்ல என்பது எங்கள் கருத்து. கராஜுக்குக் கொண்டுபோங்கள். மணக்கும் காரை ஓட்டிப் போகாமல், மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

கராஜ் விடயத்திலும் ஒரு வார்த்தை. ஒரு கராஜில் எங்கள் சக ஆசிரியர் ஒருவருக்கு, "சேர், இது லேசா வேர்க்கிறதுதான், இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். பெற்றோல் பில்டர் வேர்ப்பதென்று ஒன்று கிடையாது. எஞ்சின் ஒயில் வேர்த்தால் அழுக்குப் படியும், பார்த்துக்கொள்ளலாம். பெற்றோல் வேர்த்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். ஆனால் அந்த மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது? சாமான் விலையை மறுபேச்சில்லாமல் கடையில் கொடுத்துவிட்டு, மூன்று மணித்தியாலம் காருக்குக் கீழே படுத்திருந்தவரின் கூலியில் மட்டும் பேரம் பேசுபவர்கள் நம்மிடையே அதிகம். "காக்கா, சரியாகச் செய்யுங்கள், ஹோஸும் வாஷரும் புதிதாகப் போடுங்கள், கூலியைக் குறைக்கச் சொல்ல மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிப் பாருங்கள். வேலை வேறு மாதிரி இருக்கும்.

கழற்றிய பில்டருக்குள் இன்னும் பெற்றோல் இருக்கும். அதைக் கானுக்குள்ளோ வளவு மண்ணிலோ ஊற்ற வேண்டாம். நமது கரையோர மண் வெறும் மணல், கிணற்றுத் தண்ணீர் சில முழ ஆழத்தில் நிற்கிறது. ஊற்றியது எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு தகரப் பேணியில் வடித்து, வெளியில், பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில் வைத்து, மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள். கை துடைத்த துணியையும் வீட்டுக்குள் எடுத்து வர வேண்டாம்.

இனி, ஆரம்பத்தில் சொன்ன கூச்சம். காலை ஏழேகாலுக்கு எந்தப் பாடசாலை வாசலிலும் நின்று பாருங்கள். கார், ஆட்டோ, வேன் எல்லாம் எஞ்சினை நிறுத்தாமல் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நிற்கும். நடுவில் தரம் ஒன்று, இரண்டு பிள்ளைகள் புகுந்து போகிறார்கள். பெற்றோல் ஆவி தேங்கும் உயரத்தில் இருப்பது அவர்களுடைய முகம்தான். ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் வளவும் இப்படித்தான். அங்கே ஒரு காரில் கசிவென்றால் அது அந்தக் கார்க்காரரின் சொந்த விடயம் அல்ல. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும், பள்ளிவாசலில் வாகனம் நிறுத்த வழிகாட்டும் தம்பிமாரும் ஒரு முடிவுக்கு வரலாம்: பெற்றோல் மணக்கும் வாகனம் வளவுக்குள் வேண்டாம், வெளியே தனியாக நிற்கட்டும். ஒலிபெருக்கியில் இலக்கத்தைச் சொல்லி அவமானப்படுத்துவது அல்ல. பக்கத்தில் போய், "காக்கா, உங்கட காரில பெற்றோல் மணக்குது, ஒருக்காப் பாருங்க" என்று சொன்னால் போதும். ஆட்டோக்காரத் தம்பிமாருக்கும் அதே. அவர்களுடைய டெப்பும் ஹோஸும் இதே கதைதான்.

சொல்லப்பட்டவர் கோபித்தால் கோபிக்கட்டும். நாங்கள் இந்தத் தவணையில் இரண்டு பேரிடம் சொன்னோம். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவர் அன்று பின்னேரமே பொனட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். பில்டரின் அடி விளிம்பு முழுக்கத் துரு, விரல் வைத்தால் ஈரம். இரண்டு நாள் மோட்டார் சைக்கிளில் வந்தார். பிறகு கார் வந்தது, மணம் இல்லை.

மாற்றி முடித்தவர்கள் உடனே ஸ்டார்ட் அடித்து ஓட்ட வேண்டாம். பல இஞ்செக்ஷன் கார்களில் சாவியை ஒன் நிலைக்கு மட்டும் திருப்பி நிறுத்தினால் பம்ப் ஓரிரு வினாடி ஓடி அமுக்கம் ஏறும். அதை மூன்று நான்கு தடவை செய்துவிட்டு, காய்ந்த டிஷூவால் ஒவ்வொரு மூட்டையும் துடைத்துப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு மறுபடியும் பாருங்கள். இரவில் காருக்குக் கீழே பழைய பத்திரிகையை விரித்து வையுங்கள். காலையில் அதில் புதுக்கறை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோல் இரவுக்குள் காய்ந்துவிடலாம், ஆனால் கறை விளிம்பு தெரியும். மணமும் சொல்லும்.

நமது பகுதியில் ஆர்9 அச்சுள்ள ஹோஸ் அடி கணக்கில் வெட்டித் தரும் கடை தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள். காரின் வகையையும் சேர்த்து எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும்.